பத்து வெள்ளி கேட்ட அமைச்சர்



ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரிக்பீல்ட்சுக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் இருக்காது. தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கையில் பையும் மறுகையில் பிள்ளையுமாக முட்டி மோதிக்கொண்டு நடப்போம். நாம் நடக்கும் அந்தப் பெரிய சாலையின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். ஒரு காலத்தில் அது வெறும் பிரிக்பீல்ட்ஸ் சாலை. 2003-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மோனோரயிலிலும் அந்தப் பெயரில் ஒரு நிலையம் இருக்கிறது. அந்தச் சம்பந்தன் யார் என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு மாணவன் எழுந்து, ரயில் ஓட்டியவர் என்றான். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்குச் சரியான விடை தெரியும் என்று திருப்பிக் கேட்டேன். சிரிப்பு நின்றுபோனது.

இந்த மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது, அந்த அமைதிதான் நினைவுக்கு வந்தது. அவர் வகித்த பதவிகளையெல்லாம் வரிசையாக எழுதி உங்களை அலுப்படையச் செய்யப் போவதில்லை. அவர் வாழ்க்கையில் காசு சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வீ. தி. சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்தவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் திறந்த முன்னோடிகளில் ஒருவர். ஆகவே நம் கதாநாயகர் லயத்து வீட்டில் பிறந்தவர் அல்லர். தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வரும் கதைக்கு இது வேண்டும்.

கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியில் படித்தார். பிறகு கப்பலேறிச் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தின் சூடு மாணவர் விடுதிகளிலும் பரவியிருந்த காலம் அது. காந்தியடிகள் மேல் அவருக்கிருந்த பற்றுக்குச் சாட்சி சுங்கை சிப்புட்டில் இன்றும் நிற்கிறது. 1950-களில் அவர் முன்னின்று உருவாக்கிய தமிழ்ப்பள்ளிக்கு மகாத்மா காந்தி கலாசாலை என்றுதான் பெயர். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அவருடைய இருபத்தொன்பதாவது பிறந்த நாள் 1948 ஜூன் 16. அன்றைக்குக் காலையில்தான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு என்று தோட்டத்து மக்கள் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

1955-இல் ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவரானார். அதே ஆண்டு நடந்த முதல் பொதுத்தேர்தலில் வென்று, துங்கு அப்துல் ரகுமானின் அமைச்சரவையில் தொழிலமைச்சரானார். சுதந்திரத்துக்குப் பின் சுகாதாரம். பிறகு 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, தபால், தந்தித் துறைகள். கடைசியாக, 1969 மே கலவரத்துக்குப் பின் உருவான ஒற்றுமைத்துறை. பதவிகள் இவ்வளவுதான். ம.இ.கா.வை முதலில் நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த பட்டணத்துக்காரர்கள். தோட்டத்துத் தமிழன் உள்ளே வந்து உட்கார இடம் கிடைத்தது சம்பந்தன் காலத்தில்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. புதிய அரசாங்கம் எப்படி இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். நல்ல விலை வரும்போதே கைமாற்றிவிடலாம் என்ற கணக்கு ஒரு பக்கம். வாங்கியவர்கள் யார்? பல பேர் சேர்ந்து பணம் போட்ட வியாபாரக் கூட்டங்கள். அவர்கள் தோட்டம் நடத்த வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை மொத்தமாக ஒரு விலைக்கு வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று கூறு போட்டு, ஏக்கருக்குக் கூடுதல் விலை வைத்து விற்றார்கள். மீன் சந்தையில் பெரிய மீனைத் துண்டு போட்டு விற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர் வந்தது.

துண்டு வாங்கியவன் மேல் முழுப் பழியும் போட முடியாது. அவனும் சிறுகச் சேர்த்தவனாக இருக்கலாம். ஆனால் பத்து ஏக்கர் வைத்திருப்பவனுக்கு லயம் எதற்கு? ஆயாக் கொட்டகை எதற்கு? மருந்துக்கடை எதற்கு? பள்ளிக்கூடம்தான் எதற்கு? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். நம் தோட்டப் பள்ளிகள் பல அப்படிப் பிறந்தவைதான். தோட்டமே இல்லையென்றால் அந்த நிர்வாகம் எங்கே, அந்தப் பள்ளி எங்கே? வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் கோயிலும், வாசலில் வைத்த முருங்கை மரமும், பக்கத்து வீட்டு உறவும் சேர்ந்தே போகும். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றித் தனி ஆய்வே செய்தார்கள். அவ்வளவு பெரிய தலைவலியாக அது வளர்ந்திருந்தது.

சம்பந்தன் என்ன செய்தார்? 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. திட்டம் சுலபமாகப் புரியக்கூடியது. தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவரும் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ப்பது. சேரும் பணத்தைக் கொண்டு, துண்டாடலுக்குப் போகும் தோட்டத்தை முழுசாக விலைக்கு வாங்குவது. அங்கே வேலை செய்பவர்களை அப்படியே வைத்துக்கொள்வது.

மாணவர்களே, இங்கே ஒரு கணக்கு. பேச்சுக்காக ஏக்கர் ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவாயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு எவ்வளவு? முப்பது லட்சம். ஒரு தொழிலாளி மாதம் பத்து வெள்ளி வீதம் அதைக் கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகும்? இருபத்தையாயிரம் வருஷம்! பத்தாயிரம் பேர் சேர்ந்து கட்டினால்? முப்பது மாதம். கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு சரிதான், ஆனால் தாளில் போடுகிற கணக்கு வேறு, லயத்து அடுப்படியில் போடுகிற கணக்கு வேறு. பத்து வெள்ளி என்பது அந்த நாளில் பால்மரம் வெட்டுகிறவருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. மழை பெய்தால் அந்தக் கூலியும் இல்லை. சம்பள நாளன்று பெரட்டுக்களத்துக்கு வெளியே யார் யார் காத்திருப்பார்கள்? மளிகைக் கடைக்காரர், துணி மூட்டைக்காரர், வட்டிக்குக் கொடுத்தவர். எல்லாருக்கும் போக மிச்சம் இருந்தால், கள்ளுக்கடை கைகாட்டும். இதற்கு நடுவில் ஓர் அமைச்சர் வந்து, எனக்கும் பத்து வெள்ளி கொடுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதுவும் தோட்ட முதலாளியின் மகன்!

நம் மக்கள் காசு விஷயத்தில் சூடு பட்டவர்கள். கப்பலில் வரும்போதே கங்காணியிடம் கடன்பட்டு வந்த தலைமுறை அது. தோட்டந்தோறும் கூட்டு கட்டுவார்கள், தெரியுமல்லவா? மாதம் இவ்வளவு என்று பத்து இருபது பேர் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடந்தன. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை; முகத்தைப் பார்த்துக் கொடுப்பது. நன்றாக நடந்தால் அதைப்போல உதவி வேறில்லை. பணத்தைப் பிடித்தவர் ஓடிவிட்டால், யாரிடம் போய் அழுவது? அரசாங்கமே 1971-இல் கூட்டுக்குத் தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

என் தாத்தாவுக்கு அப்படி நடந்திருக்கிறது. கிள்ளானுக்கு அந்தப் பக்கம், காப்பார் வட்டாரத்தில் அவர்கள் இருந்த தோட்டத்தில், ஏழு மாதம் கூட்டு கட்டினார். எட்டாவது மாதம் தம் முறை வரும், ஒரு சைக்கிள் வாங்கலாம் என்றிருந்தார். பணம் பிடித்தவர் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அதிலிருந்து தாத்தா யாரிடமும் ஒரு காசு நம்பிக் கொடுத்ததில்லை. கூட்டுறவுக்காரர்கள் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டாராம். பாட்டிதான் சேர்ந்தார். ஒட்டுப்பால் காசில் மிச்சம் பிடித்து, தாத்தாவுக்குத் தெரியாமல் கட்டினார். இதை வைத்து வீட்டில் நடந்த சண்டைகளை அப்பா இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார். அப்போது சிரித்திருக்க மாட்டார்கள்.

கூட்டுக்கும் கூட்டுறவுக்கும் என்ன வித்தியாசம் என்று தாத்தா போன்றவர்களுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சம்பந்தன் அந்த வேலையைக் கீழே உள்ளவர்களிடம் விட்டுவிட்டு உட்காரவில்லை. அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போனார். மக்கள் கூடும் இடத்தில் நின்று பேசினார். முகத்தைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கமுள்ள மக்களிடம் தன் முகத்தைக் காட்டினார். ஆனால் முகம் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு பெரிய கூட்டாகத்தான் முடிந்திருக்கும். இங்கே சட்டப்படி பதிவான சங்கம் இருந்தது, கட்டிய காசுக்கு ரசீது இருந்தது, ஆண்டுக் கணக்கு இருந்தது, கணக்கைக் கேட்க ஆண்டுக் கூட்டம் இருந்தது. இன்னொன்றும் உண்டு. கூட்டுறவில் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒருவர் நூறு வெள்ளி போட்டிருந்தாலும் ஆயிரம் வெள்ளி போட்டிருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். கம்பெனியில் அப்படி இல்லை, பங்குக்குத்தான் ஓட்டு. ஆளுக்குத்தான் ஓட்டு என்ற இந்த ஏற்பாடு இங்கிலாந்தில் 1844-இல் ராச்டேல் என்ற ஊரில் கடை திறந்த இருபத்தெட்டுப் பேரிடமிருந்து உலகெங்கும் பரவியது. அவர்களிலும் நெசவாளிகள் இருந்தார்கள். அவர்களும் சிறுகச் சிறுகத்தான் சேர்த்தார்கள், ஆளுக்கு ஒரு பவுன்.

சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். ஏறக்குறைய மூவாயிரம் ஏக்கர். அன்று அந்தச் செய்தி லயங்களில் எப்படிப் பரவியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க! நம் ஆட்கள் காசில் ஒரு முழுத் தோட்டம். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாநிலங்களில் தோட்டங்கள் வாங்கினார்கள். பதினைந்துக்கு மேல் போனது. பல்லாயிரம் பேர் உறுப்பினர்கள் ஆனார்கள்.

இதோடு நிறுத்தினால் இது புகழ்மாலை ஆகிவிடும். நியாயமாகச் சொல்ல வேண்டியது இன்னும் உண்டு.

துண்டாடப்பட்ட தோட்டங்களோடு ஒப்பிட்டால், சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதிதான். மாதம் பத்து வெள்ளி கட்ட முடியாத குடும்பங்கள், அதிலும் துண்டாடலில் முதலில் அடிபட்ட குடும்பங்கள், வெளியேதான் நின்றன. சங்கத் தோட்டத்திலும் மானேஜர் இருந்தார், கிராணி இருந்தார், கங்காணி இருந்தார். பங்குக்காரன் காலையில் பெரட்டில் நின்று செக்ரோல் நம்பருக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். முதலாளியாகிவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

தொழிற்சங்கத்தின் பார்வையும் வேறாக இருந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், துண்டாடலை அரசாங்கமே தடுத்து நிறுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. என் தாத்தா கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதுவே. முப்பது வருஷம் மரம் வெட்டினவன், தன் வேலையையும் வீட்டையும் காப்பாற்றிக்கொள்ளத் தானே காசு கொடுக்கணுமா? அவன் உழைப்பில் லாபம் எடுத்த கம்பெனி விற்ற பணத்தோடு கப்பல் ஏறும்; இவன் பத்து வெள்ளி கட்ட வேண்டும்; இது என்ன நியாயம்? இந்தக் கேள்வியில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். சம்பந்தன் அரசாங்கத்தில் இருந்தவர். அங்கேயே இன்னும் பலமாகப் பேசியிருக்க வேண்டும் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்று வந்தபோதும் இதே குறை எழுந்தது. அறுபதாயிரம் பேர் அளவில் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள் என்பது வரலாறு. அதை அவரால் தடுக்க முடியவில்லை.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சட்டம் வரும் வரும் என்று காத்திருந்தால், அதற்குள் புக்கிட் சீடிம் துண்டாகிப் போயிருக்கும். நியாயம் கிடைக்கும்வரை குடியிருக்க ஒரு லயமாவது வேண்டுமல்லவா? தாத்தாவின் கேள்வி சரி; பாட்டியின் ரசீதும் சரி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட எனக்குத் தெரியவில்லை.

தந்தை விட்டுச்சென்ற சொத்து சம்பந்தனிடம் தாராளமாக இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தார், பள்ளிக்குக் கொடுத்தார், பொதுவாழ்வில் செலவழித்தார். இறக்கும்போது அந்தச் சொத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. பொதுவாழ்வுக்கு வந்து சொத்து குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஒரு கையே மிச்சமாகும். எனக்கு வியப்பு எது தெரியுமா? அள்ளிக் கொடுக்கத் தெரிந்த மனிதர், ஏழைகளிடம் போய்ப் பத்து வெள்ளி கேட்டார். சும்மா கொடுத்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள். காசு கட்டியவர்களோ கணக்குக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத் தன்னை ஆளாக்கிக்கொண்டாரே, அது கொடுப்பதைவிடக் கடினம்.

1973-ஆம் ஆண்டு கட்சிக்குள் நெருக்குதல் கூடி, ம.இ.கா. தலைவர் பதவியைவிட்டு விலகினார். அடுத்து வந்தவர் நம் கிள்ளானைச் சேர்ந்த வெ. மாணிக்கவாசகம். 1974-இல் அமைச்சர் பதவியும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் விடவில்லை. 1979 மே 18-ஆம் நாள் கோலாலம்பூரில் காலமானார். அறுபது வயதுகூட நிறையவில்லை. சங்கத்தின் தலைமையகக் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்ற பெயரோடு கோலாலம்பூரில் இருக்கிறது. கல்யாணத்துக்கும் கலை நிகழ்ச்சிக்கும் அங்கே போயிருப்பீர்கள். மேலே உள்ள மாடிகளில் தொழிலாளிகளின் பங்குக் கணக்கு இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அவருக்குப் பின்னும் நம் மக்களிடம் பங்கு, முதலீடு என்று பலர் கேட்டு வந்தார்கள். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் உண்டு. பெயர் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். இன்றைக்குக் கைத்தொலைபேசியிலேயே வருகிறது, ஆயிரம் போட்டால் மாதம் முந்நூறு என்று. பெற்றோர்களே, ரசீது கேளுங்கள், பதிவு எண் கேளுங்கள், ஆண்டுக் கூட்டம் எங்கே எப்போது என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

சிலாங்கூரில் இப்போது துண்டு போடக்கூடத் தோட்டம் அதிகமில்லை. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா பக்கத்து வீடமைப்புகளாகிவிட்டது. பெராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா நிற்கிறது. பாட்டி மரம் வெட்டிய காட்டில் இரண்டு மாடி வீடுகள். நானும் அப்பாவும் ஒரு தடவை போய்த் தேடினோம். கோயில் இருந்த இடத்தை வைத்துத்தான் லயம் இருந்த இடத்தை மட்டுக்கட்ட முடிந்தது.

பாட்டி காலமானபின் அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். சிவப்பு அடையாள அட்டையின் பழைய நகல், ஒரு ஜோடித் தோடு, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ரசீதுகள். தாத்தா அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அப்பாவோடு தானும் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். கிள்ளானிலிருந்து ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய், விஸ்மாவின் மாடியில் வரிசையில் உட்கார்ந்தார்கள். அலுவலகத்தில் இருந்த பெண் ரசீது எண்ணைப் பார்த்துத் தேடி எடுத்தார். பதிவில் பாட்டியின் பெயர் இருந்தது. எந்தக் காலத்திலோ தோட்டத்துக் கிராணி தப்பாக எழுதிக் கொடுத்த அதே எழுத்துப் பிழையோடு, கட்டிய ஒவ்வொரு வெள்ளியும் இருந்தது.